இதய வால்வைத் திறப்பது தசைநாணா, இரத்தமா?

‘பாப்பில்லரி தசைகள் சுருங்கி, நாண்களை இழுத்து ஈரிதழ் வால்வைத் திறக்கின்றன என்று எழுதினேன், தவறு என்று அடித்துவிட்டார்கள், ஏன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாண்டு மாணவராகத்தான் இருப்பீர்கள். மதிப்பெண் போன வயிற்றெரிச்சல் கேள்வியிலேயே தெரிகிறது. தவறுதான். ஈரிதழ் வால்வு என்பது இதயத்தின் இடப்பக்கத்தில், மேலறையான ஏட்ரியத்துக்கும் கீழறையான வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவே இருக்கும் இரண்டு இதழ்க் கதவு. பாப்பில்லரி தசைகள் கீழறையின் சுவரிலிருந்து எழும் சிறு தசைகள், நாண்கள் அவற்றை இதழ்களோடு கட்டும் கயிறுகள். ஆனாலும் கதவில் கயிறு கட்டியிருந்தால் இழுத்துத் திறக்கத்தான் என்று எவருக்கும் தோன்றும்.

நான் மருத்துவன் அல்லன். உடற்கூறியல் துறையில் 26 ஆண்டுகளாக ஆய்வகப் பணியாளன். ‘இவர் யார் இதயத்தைப் பற்றிப் பேச?’ என்று கிளம்புகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கிளம்பட்டும். நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ நான் வாய் திறக்கப்போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் இதையேதான் சொன்னார். ‘இல்லை தம்பி’ என்றேன். ‘அண்ணா, குடுவை கழுவுகிற வேலையைப் பாருங்கள்’ என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் ஓர் ஆட்டு இதயத்தைக் கொண்டுபோனேன். இடது ஏட்ரியத்தின் கூரையை வெட்டி எடுத்தேன். மேலிருந்து பார்த்தால் ஈரிதழ் வால்வு தெரிந்தது. வெண்ட்ரிக்கிளிலிருந்து உடலுக்கு இரத்தம் போகும் குழாயான பெருந்தமனியை நூலால் இறுகக் கட்டினேன். இதயத்தின் கீழ்முனையில் துளையிட்டு, ரப்பர் குழாயைச் செருகி, தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

சுருண்டு கிடந்த இரண்டு இதழ்களும் மெல்ல மிதந்து எழுந்தன. முன்னிதழ் பெரியது, பின்னிதழ் ஒடுங்கிய பிறைபோல் இருக்கும். இரண்டும் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து, காற்றடைத்த துணிபோல உப்பி நின்றன. ஓரத்தில் ஓரிரு துளிதான் கசிந்தது. ‘செத்த இதயம் தம்பி, எந்தத் தசை இழுத்தது?’ என்று கேட்டேன். பிறகு கத்தரியை உள்ளே விட்டு, வெள்ளை நூல்போல் இருக்கும் நாண்களில் நாலைந்தை வெட்டிவிட்டு மறுபடி தண்ணீர் விட்டேன். காற்றில் குடை மடங்குமே, அப்படி முன்னிதழ் ஏட்ரியத்தின் பக்கம் புரண்டது. தண்ணீர் பீறிட்டு அவர் சட்டையில் அடித்தது. வேண்டுமென்று செய்தேன் என்று பிறகு புகார் போனது. வேண்டுமென்று செய்யவில்லை.

உங்கள் விடைக்கு வருகிறேன். வெண்ட்ரிக்கிள் தளரும்போது அதன் உள்ளே அழுத்தம் ஏட்ரியத்தைவிடக் குறைகிறது. மேலே நிற்கும் இரத்தம் இதழ்களைத் தள்ளிக்கொண்டு இறங்குகிறது. திறப்பு அவ்வளவுதான். வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது இடப்பக்கத்தில் அழுத்தம் 120 மி.மீ. பாதரசம்வரை ஏறுகிறது. இரத்தம் மேல்நோக்கி மோதி இதழ்களைச் சாத்துகிறது. நெஞ்சில் காது வைத்தால் கேட்கும் ‘லப்’ அப்போது எழுவதுதான். பாப்பில்லரி தசைகளும் வெண்ட்ரிக்கிளோடு சேர்ந்தே சுருங்குகின்றன. அறை சுருங்கச் சுருங்க நாண்கள் தொய்ந்துவிடும் அல்லவா? அந்தத் தொய்வை இழுத்துப் பிடிக்கத்தான். நீங்கள் எழுதியபடி அவை வால்வைத் திறக்குமானால், மூடியிருக்க வேண்டிய நேரம் பார்த்தல்லவா திறக்கும்?

இன்னொன்று. பெருந்தமனி வால்விலும் நுரையீரல் தமனி வால்விலும் நாண்களே இல்லை. சட்டைப்பைபோல் மும்மூன்று மடல்கள். திரும்பி விழும் இரத்தம் பைகளை நிரப்ப, அவை மூடிக்கொள்கின்றன. ‘டப்’ அதுதான். கயிறே இல்லாத கதவைத் திறப்பது யார் என்று உங்கள் நண்பர்களையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் காட்சிக் குடுவைகளுக்கெல்லாம் நான் இந்திய மையில் கையால் எழுதி ஒட்டிய சீட்டுகள் இருந்தன. ஆய்வுக்குழு வருகிறது என்று அத்தனையையும் கிழித்துவிட்டு, பளபளப்பாக அச்சடித்ததை ஒட்டினார்கள். குறுக்கே வெட்டிய இதயம் ஒன்றில் இடமும் வலமும் மாறிவிட்டன. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட மூன்று மடங்கு தடிப்பு, கண்ணிருப்பவருக்குத் தெரியும். இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். பதிலில்லை. அந்தக் குடுவையைச் சீட்டு சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன். யாராவது நேராக்கிவிட்டுப் போனால் மறுநாள் காலையில் மறுபடி திருப்புகிறேன்.