சமன்பாட்டில் எழுத்துருச் சிக்கல்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேர்டில் என் கட்டுரை முழுவதையும் டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றினேன். சமன்பாடுகள் மட்டும் பழைய எழுத்துருவிலேயே நிற்கின்றன. சைன், லாக் போன்றவையும் மாறிகளைப் போலவே சாய்ந்திருக்கின்றன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: வேர்டு 2007 முதல் அதனுடன் வரும் சமன்பாட்டுக் கருவி எல்லா எழுத்துருக்களையும் ஏற்பதில்லை. பின்னக் கோட்டின் தடிமன், அடுக்கு எழும் உயரம், வர்க்கமூலக் குறி நீளும் விதம் ஆகியவற்றைத் தனி அட்டவணையாகத் தன்னுள் வைத்திருக்கும் ஓப்பன்டைப் கணித எழுத்துருவே அதற்குத் தேவை. இயல்பாக வரும் கேம்ப்ரியா மேத் அத்தகையது. டைம்ஸ் நியூ ரோமனில் அந்த அட்டவணை இல்லை. டைம்ஸின் சாயல் வேண்டுமென்றால், இலவசமாகக் கிடைக்கும் ஸ்டிக்ஸ் டூ மேத் எழுத்துருவை நிறுவி, சமன்பாட்டு விருப்பங்களில் அதையே இயல்பு எழுத்துருவாக அமையுங்கள். இது இனி எழுதும் சமன்பாடுகளுக்கே பொருந்தும். ஏற்கெனவே உள்ளவற்றைத் தேர்வு செய்து தனியே மாற்ற வேண்டும்.

சைன் சாய்ந்திருப்பதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. மாறியைச் சாய்வாகவும், சார்பின் பெயரையும் அலகையும் நேராகவும் அச்சிடுவது அழகுக்காக ஏற்பட்ட வழக்கமன்று. எஸ், ஐ, என் ஆகிய மூன்றும் சாய்ந்து அடுத்தடுத்து நின்றால், மூன்று மாறிகளின் பெருக்கல் என்றே அதற்குப் பொருள். அதேபோல் சாய்ந்த எம் நிறையைக் குறிக்கும்; நேராக நிற்கும் எம் மீட்டரைக் குறிக்கும். இரண்டும் ஒரே வரியில் வரும் இயற்பியல் வினாத்தாளில் இந்த வேறுபாடு தவறினால் இடர்ப்படுபவர் மாணவர்தான். சார்பின் பெயரைத் தட்டச்சு செய்ததும் இடைவெளி விசையை அழுத்துங்கள்; கருவியே அதைச் சார்பென உணர்ந்து நேராக்கிவிடும். அது அறியாத பெயர்களையும் அலகுகளையும் தேர்வு செய்து ‘நார்மல் டெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் போதும்.

கேள்வி: சமன்பாடு எழுதும் தனி மென்பொருளான மேத்டைப்பில் ‘டிஃபைன்’ கட்டளை மூலம் மாறிகளின் எழுத்துருவை மாற்றினேன். சில சமன்பாடுகள் மாறவே இல்லை. மாறியவற்றிலும் ஓரிரு எழுத்துகள் பழையபடியே உள்ளன.

பதில்: இவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். நீங்கள் செய்த மாற்றம் அப்போது திறந்திருந்த சமன்பாட்டையும் இனி எழுதப்போகும் சமன்பாடுகளையுமே பாதிக்கும். ஆவணத்தில் முன்பே உள்ளவற்றை மாற்ற, வேர்டில் உள்ள மேத்டைப் பட்டையில் ‘ஃபார்மட் ஈக்வேஷன்ஸ்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

பிடிவாதமாக நிற்கும் அந்த ஓரிரு எழுத்துகளுக்கு எப்போதோ நேரடியாக ஒரு எழுத்துரு தரப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு செய்தவுடன் மேத்டைப் அவற்றை மாறி என்ற வகையிலிருந்து விலக்கி ‘அதர்’ என்ற வகையில் சேர்த்துவிடுகிறது. அதன்பின் மாறிகளுக்கு இடும் எந்தக் கட்டளையும் அவற்றை எட்டாது. அவற்றைத் தேர்வு செய்து மீண்டும் ‘வேரியபிள்’ பாணியைக் கொடுங்கள். எழுத்தின் தோற்றத்தை நாமே வரைவதை விட்டு, அது மாறியா, சார்பா, சொல்லா என்பதை மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால், தோற்றத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் மாற்றலாம்.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் தயாரித்த வினாத்தாள்களில் கிரேக்க எழுத்துகள் கட்டங்களாகத் தெரிகின்றன. சமன்பாட்டை இருமுறை சொடுக்கினாலும் திறக்கவில்லை.

பதில்: அவை ஈக்வேஷன் எடிட்டர் 3.0 கொண்டு எழுதப்பட்டவையாக இருக்கும். பாதுகாப்புக் குறைபாடு காரணமாக மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் அந்தக் கருவியை ஆஃபிஸிலிருந்து நீக்கிவிட்டது. மேத்டைப் அந்தச் சமன்பாடுகளைத் திறக்கும்.

கட்டங்களுக்குக் காரணம் வேறு. பாமினியில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன நேரும் என்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சிம்பல் எழுத்துருவும் அதே முறையில் அமைந்ததுதான்: ஆங்கில ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ஆல்ஃபாவும், ‘பி’ இருக்க வேண்டிய இடத்தில் பீட்டாவும் அமர்ந்திருக்கும். அந்த எழுத்துரு கிடைக்காதபோது அங்கே கட்டமோ வேறு எழுத்தோ தோன்றுகிறது. கோப்பில் உள்ள தரவு அழியவில்லை. ஆகவே கட்டங்களை அழித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்காதீர்கள். சிம்பல், எம்டி எக்ஸ்ட்ரா ஆகிய இரண்டு எழுத்துருக்களும் கணினியில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: வரிக்கு நடுவே வரும் பின்னங்களின் மேற்பகுதி வெட்டுப்படுகிறது.

பதில்: பத்தியின் வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ என அமைந்திருக்கும். அதை ‘சிங்கிள்’ அல்லது ‘அட் லீஸ்ட்’ என மாற்றுங்கள். இதற்கு நேர்மாறாக, ஏதேனும் ஒரு வரிக்கு மட்டும் மேலும் கீழும் பெரிய இடைவெளி விழுந்தால், அந்த வரியின் சாதாரண உரைக்குத் தவறுதலாகக் கேம்ப்ரியா மேத் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த எழுத்துருவின் வரி உயரம் மிகப் பெரியது.