கெட்டிலில் கிழங்கு அவிக்கலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போகிறேன். கேஸ் அடுப்பு வைக்க விடமாட்டார்கள். 1500 வாட் கெட்டில், அயர்ன் பாக்ஸ், வாய் அகன்ற ஃபிளாஸ்க் இருக்கின்றன. முட்டை, சிறுபயறு, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), சாளை (மத்தி மீன்) இதெல்லாம் இவற்றில் சமைக்கலாமா?

பதில்: முட்டையும் பயறும் தாராளமாகச் செய்யலாம். கெட்டிலில் மரச்சீனி வேண்டாம், அயர்ன் பாக்ஸில் சாளை வேண்டவே வேண்டாம்.

கெட்டில் எப்படித் தானாக அணைகிறது என்று முதலில் பாருங்கள். தண்ணீர் கொதித்ததும் ஆவி ஒரு சின்ன வழியாக சுவிட்ச் பக்கம் போய் அங்குள்ள இரட்டை உலோகத் தகட்டைச் சுடவைக்கும், தகடு வளைந்து கரண்டைத் துண்டிக்கும். கொதி வந்ததும் அதன் வேலை முடிந்தது. மூடியைத் திறந்து வைத்தால் ஆவி சுவிட்சுக்குப் போகாது, அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும் என்று சிலர் நூடுல்ஸ், பால் எல்லாம் அதில் வைக்கிறார்கள். பொங்கி வழிந்து அடியிலுள்ள மின் இணைப்பில் இறங்கினால் ஷாக் அடிக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

முட்டைக்கு அந்த ஒரு கொதி போதும். ஓட்டை நன்றாகக் கழுவி, மூழ்கத் தண்ணீர் விட்டு, கெட்டில் அணைந்த பிறகும் மூடியைத் திறக்காமல் 15 நிமிடம் விடுங்கள். பயறை இரவே ஊறவைத்து, காலையில் வெந்நீரால் சூடாக்கிய ஃபிளாஸ்கில் போட்டு, கொதிநீர் ஊற்றி இறுக மூடினால் மதியத்துக்குள் வெந்திருக்கும். ஆறவிடாமல் சாப்பிட்டுவிடுங்கள். ராஜ்மாவை மட்டும் இப்படிச் செய்யக்கூடாது. அதிலுள்ள லெக்டின் நச்சு அழிய 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவேண்டும், அரைவேக்காட்டில் தின்றால் வாந்திதான்.

மரச்சீனியிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. நம்ம ஊரில் தோலையும் நடு நாரையும் எடுத்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது இதனால் எவ்வளவு நல்ல பழக்கம் என்று பாருங்கள்! கிழங்கு நேரம் எடுத்துக் கொதிக்கவேண்டும், கெட்டிலால் அது ஆகாது.

அயர்ன் பாக்ஸ் பருத்தி அளவில் ஏறக்குறைய 200 டிகிரி வரும். ஆனால் அந்தச் சூடு மேலோடு நிற்கும். ரொட்டி முறுகும், சாளையோ வெளியே கருகி முள்ளோரம் பச்சையாக இருக்கும். தாளில் பொதிந்தாலும் மீனின் நெய் கசிந்து தகட்டில் பிடிக்கும், அப்புறம் வேலைக்குப் போடும் சட்டையிலும் அந்த வாடைதான்.

இன்னொன்று, 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சின்ன பிளக்கில் மாட்டாதீர்கள், 16 ஆம்பியர் பாயின்ட் எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

கிழங்கு தின்ன ஆசை என்றால், அறையில் அனுமதி கேட்டுக்கொண்டு சின்ன ரைஸ் குக்கர் வாங்குங்கள். அது தண்ணீர் இருக்கும்வரை கொதிக்கும், வற்றி சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் அணையும். மூடியைத் திறந்து வைத்து அவியுங்கள், தண்ணீரை வடித்துவிட்டு உப்பு சேருங்கள். சாளைக் குழம்பு வீட்டிலிருந்து வரட்டும்.