மனச்சிதைவு நோய்க்கு மூளையில் டோபமின் என்ற ரசாயனம் அதிகமாவதுதான் காரணமா? ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமா?

ரத்தப் பரிசோதனையில் தெரியாது. உங்கள் வீட்டில் யாருக்கோ இப்போதுதான் இந்த நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் போல, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளையின் எந்தப் பகுதியில் டோபமின் எவ்வளவு சுரக்கிறது என்பதை ரத்தம் காட்டிக்கொடுக்காது. பேசிப் பார்த்து, கூட இருப்பவர்களை விசாரித்துத்தான் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள்.

என் தம்பிக்கு 22 வயதில் ஆரம்பித்தது. டிவியில் செய்தி வாசிப்பவர் காகிதங்களைத் தட்டி அடுக்கினால், "பாத்தியாக்கா, எனக்குத்தான் சொல்றார்" என்பான். மூன்று தட்டு தட்டினால் வெளியே போகாதே என்று அர்த்தமாம். எதைக் கவனிக்க வேண்டும் என்று மூளை முத்திரை குத்துவதில் டோபமினுக்குப் பங்கு உண்டு, அது தாறுமாறாகச் சுரந்தால் ஒன்றுமில்லாத விஷயத்தின் மேலும் முத்திரை விழும் என்று டாக்டர் விளக்கினார். எனக்கு உடனே அந்தக் காகிதச் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

நரம்பு செல்களில் டோபமின் வந்து ஒட்டிக்கொள்ளும் டி2 ஏற்பிகளை அடைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அந்தச் செய்தி வாசிப்பாளர் செய்தியை மட்டும் வாசிக்க ஆரம்பித்தார். ஆனால் தம்பியால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கை நடுக்கம், காலைத் தேய்த்துத் தேய்த்து நடை. நோய் முற்றிவிட்டது என்று அழுதேன். அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கும் டோபமின்தான் வேண்டும், மாத்திரை அங்கேயும் போய் அடைத்திருக்கிறது. அளவைக் குறைத்ததும் நடுக்கம் அடங்கியது.

சரி, அப்போ டோபமின்தான் காரணமா? பாதிக் கதை. இப்படி டோபமின் ஏற்பிகளை அடைக்கும் குளோர்ப்ரோமசின் மருந்து 1952-லேயே பாரிஸில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. மூளையில் டோபமின் தனியாக ஒரு வேலை செய்கிறது என்று சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் காட்டியது 1957-ல். மருந்து முந்தி, விளக்கம் பிந்தி. அந்த மருந்துகள் காதில் கேட்கும் குரலையும் சந்தேகத்தையும் அடக்கும் அளவுக்கு, குளிக்காமல் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை மாற்றுவதில்லை. தம்பி இன்றும் அப்படி உட்காருகிறான். மூளையின் இன்னொரு ரசாயனமான குளூட்டமேட்டின் ஒருவகை ஏற்பியை அடைக்கும் கெட்டமைன் என்ற மயக்க மருந்து, நோயில்லாத மனிதரிடமும் குழப்பம், ஒடுங்கி உட்காருவது இரண்டையும் கொஞ்ச நேரம் உண்டாக்குகிறது. அதனால் குளூட்டமேட் மேலும் சந்தேகம். 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு புது மருந்து டோபமின் ஏற்பிகளை அடைப்பதே இல்லை, அசிட்டைல்கோலின் என்ற வேறொரு ரசாயனத்தின் ஏற்பிகள் வழியாக வேலை செய்கிறது.

நான் டாக்டர் இல்லை, மருந்துக் கம்பெனி ஆளும் இல்லை. "அப்போ மாத்திரையே வேண்டாமா" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. வளர்ப்பு சரியில்லை என்று அம்மாவைக் குத்திக்காட்டிய உறவினர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் மனசு ஆறவில்லை. தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் லீவு கேட்டேன். மேலதிகாரி ஆதாரம் கேட்டார். கையில் இருந்த ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் இரண்டையும் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்னுதானே போட்டிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.