ஒரே ஆசிரியர், மூன்று பாடம்: தங்கச்சிமடம் சகோதரிக்கு

மகளைச் சேர்க்க நினைக்கும் இசைப் பயிற்சி நிலையத்தில் வயலின், கீபோர்டு, ஒலிப்பதிவு மூன்றையும் ஒரே ஆசிரியர் நடத்துகிறார், ஓராண்டுக் கட்டணத்தை நிலையத்தார் மொத்தமாகக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கட்டாதீர்கள், சகோதரி. மாதாமாதம் வாங்க மறுக்கிறார்கள் என்றால், ஆசிரியர் நிலைப்பார் என்ற நம்பிக்கை அவர்களுக்கே இல்லையோ என்னவோ.

முதலில் மகளோடு ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். அவர் வாசித்துக் காட்டுகிறாரா, பிள்ளைகள் வில் பிடிப்பதைத் திருத்துகிறாரா, கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டு நகர்ந்துவிடுகிறாரா? அவருடைய வயலினையும் கவனியுங்கள். நம் உப்புக்காற்றில் துடைக்காத தந்தி சீக்கிரம் துருவேறும். சுவரில் மாட்டிய சான்றிதழைவிடத் துருவில்லாத தந்தியைத்தான் நான் நம்புவேன்.

பிளஸ் டூ முடித்த பெண்தானே? ராமநாதபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் விசாரியுங்கள். வயலின் அங்கே தனிப் பிரிவு, 3 ஆண்டுப் படிப்பு. ஒலிப்பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.