டி லா சோலும் திருட்டுப் பட்டமும்

கேள்வி: கல்லூரி நாட்களில் கேசட் தேயும்வரை கேட்ட ஹிப்-ஹாப் ஆல்பம், டி லா சோல் குழுவின் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்'. இத்தனை வருடம் கழித்துக் கைபேசியில் மறுபடி கிடைத்தது. இப்போது வேறெதுவும் கேட்கப் பிடிக்கவில்லை. என் நண்பரோ, "பிறர் பாட்டை வெட்டி ஒட்டியதற்கு இவ்வளவு சிலாகிப்பா? திருட்டுச் சரக்கு என்பதால்தானே இவ்வளவு காலம் எந்த ஆப்பிலும் வராமல் கிடந்தது?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— ஒரு வாசகர், கோவை

பதில்: நண்பர் அவசரப்பட்டுவிட்டார். யாரோ திருட்டைக் கண்டுபிடித்துப் பூட்டி வைத்த ஆல்பம் அல்ல அது. 1989இல் டாமி பாய் நிறுவனம் அதை வெளியிட்டபோது, எடுத்தாண்ட ஒலித்துண்டுகள் பலவற்றுக்கு அனுமதி வாங்கித்தான் வெளியிட்டது. அந்த ஒப்பந்தங்களெல்லாம் இசைத்தட்டையும் கேசட்டையும் மனதில் வைத்து எழுதியவை. பாட்டு ஒருநாள் கைபேசிக்குள் வந்து இறங்கும் என்று அன்றைக்கு எந்த வக்கீல் கண்டார்? ஆகவே டவுன்லோடு காலம் வந்ததும் ஒவ்வோர் உரிமையாளரிடமும் மறுபடி போய் நிற்க வேண்டியிருந்தது. பதிவுகளைக் கையில் வைத்திருந்தவர்கள் அந்தச் செலவுக்கும் வம்புக்கும் துணியவில்லை. அவ்வளவுதான் விஷயம். சிடி தன்பாட்டுக்கு விற்றுக்கொண்டுதான் இருந்தது.

பொறுத்துப் பார்த்த குழுவினர், 2014 காதலர் தினத்தன்று தங்கள் ஆல்பங்களை 25 மணி நேரத்துக்கு இணையத்தில் இலவசமாகவே திறந்துவிட்டார்கள். 2019இல் டாமி பாய் ஸ்ட்ரீமிங்குக்குத் தயாரானபோது, வருமானத்தில் 90 சதவீதம் அவர்களுக்கு, 10 சதவீதம் எங்களுக்கா என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். ரசிகர்கள் பக்கம் நின்றதால் அது தள்ளிப்போனது. 2021இல் ரிசர்வாயர் என்ற இசை நிறுவனம் டாமி பாயை 10 கோடி டாலருக்கு வாங்கியது. அப்புறம்தான் வழி பிறந்தது. ஆல்பம் ஆப்புகளில் வந்த நாள் 2023 மார்ச் 3. மூவரில் ஒருவரான டேவ், அதாவது டேவிட் ஜோலிகோர், பிப்ரவரி 12 அன்றே இறந்துவிட்டார். வயது 54. திருட்டைப் பற்றிப் பேசுகிறவர் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

சரி, வெட்டி ஒட்டியதுதானே என்கிறார். ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்! லாங் ஐலண்டில் அமிட்டிவில் என்ற ஊரில் ஒன்றாகப் படித்த மூன்று பையன்கள், இருபது வயதை ஒட்டியவர்கள். அவர்களை வழிநடத்திய தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலுக்கும் பெரிய வயதில்லை. 'ஐ நோ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீலி டேன் குழுவின் 1977 பாட்டிலிருந்து ஒரு துண்டு. அதன் பக்கத்தில் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் சீட்டி. ரெட்டிங் அந்தச் சீட்டியைப் பதிவுசெய்த சில நாட்களில், 1967 டிசம்பரில், விமான விபத்தில் இறந்துபோனார். பத்து வருட இடைவெளியில், வெவ்வேறு ஊரில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பிறந்த இரண்டு ஒலிகள் ஒரே காதல் பாட்டாக உட்காருகின்றன. இதைக் கேட்க முதலில் ஒரு காது வேண்டும். 'சே நோ கோ' இன்னும் துணிச்சலானது. ஹால் அண்ட் ஓட்ஸின் துள்ளலான 1981 ஹிட்டை எடுத்து, போதைப்பொருள் வீட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று பாடுகிறார்கள். குழந்தைகளுக்கு மூன்றாம் வாய்ப்பாடு சொல்லித்தரும் தொலைக்காட்சிப் பாட்டு 'தி மேஜிக் நம்பர்' ஆகிறது, பாடுவது மூன்று பேர் என்பதால். இடையிடையே ஒரு வினாடி வினா வேறு: கோழிக்கு எத்தனை இறகு என்று கேட்டு எல்லோரையும் திணறவைக்கிறார்கள். (அதற்குப் பிறகு வந்த ஹிப்-ஹாப் ஆல்பங்கள் பலவற்றில் நாம் சகித்துக்கொண்ட சவசவ நாடகத் துணுக்குகளுக்கும் இதுதான் பிள்ளையார் சுழி. அந்தப் பழியை மட்டும் நான் மறுக்கமாட்டேன்.)

நண்பர் கையில் உள்ள ஒரே நல்ல துருப்பு, டர்டில்ஸ் வழக்கு. டர்டில்ஸ் குழுவின் 'யூ ஷோட் மீ' பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மெதுவாக ஓடவிட்டு, மேலே பிரெஞ்சு மொழிப்பாடத் தட்டு ஒன்றைப் பேசவிட்டிருந்தார்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் துணுக்கு. அதற்கு அனுமதி வாங்கவில்லை, வழக்கு வந்தது, பணம் கொடுத்து முடித்தார்கள். தவறுதான். ஆனால் அந்த டர்டில்ஸ் பாட்டை எழுதியது யார்? பேர்ட்ஸ் குழுவின் ஜீன் கிளார்க்கும் ரோஜர் மெக்குவினும். டர்டில்ஸும் பிறர் பாட்டைத்தான் பாடினார்கள். ஏற்கெனவே வெளியான ஒரு பாட்டை முழுசாகத் திரும்பப் பாடிப் பதிவுசெய்ய அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டினால் போதும், மறுக்க முடியாது. பதிவிலிருந்து சில விநாடி எடுத்தால் மட்டும் உரிமையாளர் மறுக்கலாம், வாய்க்கு வந்த தொகையும் கேட்கலாம். 1991இல், அனுமதியில்லாமல் துண்டு எடுத்ததாக ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீது வந்த வழக்கில் நீதிபதி தீர்ப்பையே "களவு செய்யாதிருப்பாயாக" என்ற பைபிள் கட்டளையோடு தொடங்கினார். அதன்பின் துண்டுக்குத் துண்டு விலை ஏறியது. இப்படி டஜன் கணக்கில் துண்டுகள் சேர்த்து ஓர் ஆல்பம் செய்வது பெரும் பணக்காரருக்கு மட்டும் முடிகிற காரியம் ஆயிற்று. எடுத்துக்கொள், இன்ன விலை கொடு என்று இதற்கும் ஒரு கட்டணம் வைத்திருந்தால் டர்டில்ஸுக்கும் பணம் வந்திருக்கும், நமக்கும் இன்னும் நாலு நல்ல ஆல்பம் கிடைத்திருக்கும்.

உங்களுக்கும் ஒன்று. நீங்கள் கைபேசியில் கேட்பது அச்சு அசல் கேசட்டில் கேட்டதே அல்ல. அனுமதி கிடைக்காத சில துண்டுகளை இந்த வெளியீட்டுக்காக மாற்றியிருக்கிறார்கள், சிலவற்றைத் திரும்ப வாசித்திருக்கிறார்கள். பழைய கேசட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நண்பருக்கு இவர்களின் 1991 ஆல்பத்தைப் போட்டுக் காட்டுங்கள், 'டி லா சோல் இஸ் டெட்'. அதன் பிறகும் திருட்டு என்றுதான் சொல்வாரானால், அடுத்த இதழுக்கு அவரையே கேள்வி அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை நாள் உங்களைத் தூது விடுவார்?