இரண்டு கணினியில் ஒரே கணக்கு: அக்சஸ் அட்டவணைகள் குறித்துக் கேள்வி பதில்

திருநெல்வேலிச் சீமையில் கடை, ஆலை, சங்கம் என்று எத்தனையோ இடங்களில், தகவல்களை அட்டவணைகளாகச் சேமிக்கும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் மென்பொருளில்தான் கணக்கு ஓடுகிறது. ஒரு கோப்பு இரண்டாகும் இடத்தில் தொல்லை தொடங்குகிறது. அது குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

திருநெல்வேலி டவுன், ஜவுளிக்கடை: அண்ணாச்சி, கல்லாவில் பில் போடும் கோப்பு ஒன்று, மாடியில் சரக்கிருப்புக் கோப்பு ஒன்று. விலைப்பட்டியலை இறக்குமதி செய்துகொள்ளலாமா?

வேண்டாம். இறக்குமதியில் அன்றைய நகல்தான் கிடைக்கும். நாளை மாடியில் விலை மாறினால் கல்லாவுக்குத் தெரியாது. இறக்குமதி செய்யும் அதே திரையில் அட்டவணையை இணைக்கும் தேர்வும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் மாடிக் கோப்பிலேயே இருக்கும். கல்லாக் கோப்பில் அம்புக்குறியோடு பெயர் தெரியும். எங்கிருந்து திருத்தினாலும் மூல அட்டவணையில் பதியும். மாடிக் கோப்பு இருக்கும் பாதையைக் கொடுக்கும்போது Z: போன்ற டிரைவ் எழுத்து வேண்டாம், கணினியின் நெட்வொர்க் பெயரைக் கொடுங்கள்.

ஒரு குறை உண்டு. வெவ்வேறு கோப்புகளில் இருக்கும் அட்டவணைகளுக்கிடையே உறவு விதியை அக்சஸ் கட்டாயப்படுத்தாது. பில்லில் ஏறிய சேலையை விலைப்பட்டியலிலிருந்து யாராவது நீக்கினால் தடுக்க வழியில்லை. ஆகவே எல்லா அட்டவணைகளையும் ஒரே கோப்பில் வைத்து, படிவங்களை (தகவலை உள்ளிடும் திரைகளை) மட்டும் கணினிக்கு ஒரு கோப்பாகப் பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை.

அம்பாசமுத்திரம், அரிசி ஆலை: ஆலை இங்கே, மொத்தக் கடை பாளையங்கோட்டையில். கோப்பை ஒன்டிரைவில் (இணையத்தில் கோப்பு வைக்கும் சேவையில்) போட்டு இரண்டு பக்கமும் திறந்தால் போதாதா?

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அட்டவணைக்குள் இருக்கும் வரிகளை, அதாவது தனித்தனிப் பதிவுகளை, ஒன்டிரைவ் பார்ப்பதில்லை, கோப்பை முழுதாகத்தான் கொண்டுபோகும். இருவரும் ஒரே நேரத்தில் எழுதினால் ஒருவர் எழுதியது போய்விடும், அல்லது கணினிப் பெயர் ஒட்டிய இரண்டாவது நகல் முளைக்கும். நெல் கொள்முதல் ஒன்றில், அரிசி விற்பனை மற்றொன்றில் என்று கணக்கு இரண்டாகக் கிழிந்துவிடும். இவ்வளவு தூரத்துக்கு இணைப்பு அட்டவணையும் ஆகாது. எழுதும்போது இணையம் அறுந்தால் கோப்பு பழுதாகலாம்.

உங்களுக்குத் தேவை ஒத்திசைவு, அதாவது இரண்டு கோப்புகளின் மாற்றங்களையும் ஒன்றுக்கொன்று கொண்டுசேர்ப்பது. அதற்கு முன்னால் ஒவ்வோர் அட்டவணைக்கும் சொந்தக்காரர் யார் என்று உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கொள்முதல் ஆலையுடையது, கடை படிக்கலாம், தொடக்கூடாது. விற்பனை கடையுடையது. அப்போது ஒவ்வொன்றும் ஒரே திசையில் போகும், மோதலுக்கு இடமே இராது. என்னிடம் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த முடிவை எடுக்காமல் விட்டதால் வந்தவை. இரு பக்கமும் திருத்தியே ஆகவேண்டியது வாடிக்கையாளர் பட்டியல் மட்டும் என்றால், உழைப்பு முழுவதையும் அதற்கே கொடுக்கலாம்.

அதே ஆலை: அந்தப் பட்டியலில்தான் எண்கள் மோதுகின்றன அண்ணாச்சி.

மோதத்தான் செய்யும். வரிக்குத் தானாக எண் போடும் ஆட்டோநம்பர் இரண்டு பக்கமும் 1, 2, 3 என்றே எண்ணுகிறது. ஆலையில் 412 என்பவர் கல்லிடைக்குறிச்சிக்காரர், கடையில் 412 மேலப்பாளையத்துக்காரர். சேர்த்தால் ஒருவர் பாக்கி மற்றவர் தலையில் விழும். கிளை எழுத்தையும் எண்ணையும் சேர்த்து முதன்மைச் சாவியாக்குங்கள், அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளமாக்குங்கள்: அ-412, பா-412.

அடுத்து அட்டவணையில் 'திருத்திய நேரம்' என்றொரு புலம் (நெடுவரிசை) வேண்டும். அக்சஸ் 2010 முதல் அட்டவணையிலேயே மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதி அதைத் தானாக நிரப்பலாம். பிறகு ஒவ்வொரு திசைக்கும் இரண்டு வினவல்கள் (அட்டவணை மீது ஓட்டும் கட்டளைகள்) போதும்: முதலாவது, இரு பக்கமும் இருக்கும் வரிகளில் புதிய நேரம் உள்ளதைக் கொண்டு பழையதைத் திருத்தும், இரண்டாவது, இல்லாத வரிகளைச் சேர்க்கும். இரு கணினிகளின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கணினி, மின்சாரம் போய் வந்ததும் பழைய தேதிக்குப் போய்விடும். அன்று செய்த திருத்தமெல்லாம் பழையது என்று ஒதுக்கப்படும்.

பத்தமடை, பாய் நெசவாளர் சங்கம்: இரண்டு கோப்புகளை ஒத்திசைக்கிறோம், ஒன்றில் நீக்கிய உறுப்பினர்கள் மறுநாள் திரும்ப வந்துவிடுகிறார்கள்.

மற்றக் கோப்பில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேர்க்கும் வினவல் அவர்களைப் புதியவர்கள் என்று எடுத்துக்கொள்கிறது. வரியை அழிக்காமல் 'நீக்கப்பட்டது' என்று ஆம்/இல்லை புலம் வைத்து, படிவத்தில் மறைத்துவிடுங்கள்.

சேரன்மகாதேவி, உரக்கடை: இரண்டு கோப்புகளின் வாடிக்கையாளர்களைப் பெயரை வைத்துப் பொருத்தினேன். ஒரே ஆள் இருமுறை வருகிறார்.

பெயர் சாவியாகாது. சுப்பிரமணியன் ஒரு கோப்பில் சுப்ரமணியன் ஆவார். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடும் உண்டு: 'கொ' என்பதில் க-வுக்குப் பிறகு வரும் உயிர்க்குறியை யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரத்தில்) ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோல் இருக்கும், சேமிப்பில் வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

திசையன்விளை, கணினி மையம்: அக்சஸ் 2003இல் நகல்களை அதுவே ஒத்திசைக்கும் ரெப்ளிகேஷன் வசதி இருந்ததே?

பழைய எம்டிபி வடிவக் கோப்புகளுக்கு மட்டும் இருந்தது. 2007இல் வந்த ஏசிசிடிபி வடிவத்தில் இல்லை; 2013 பதிப்பில் வசதியையே எடுத்துவிட்டார்கள். கிளைகள் மூன்று நான்கு என்று கூடினாலோ, கோப்பு 2 ஜிபி வரம்பை நெருங்கினாலோ, அட்டவணைகளை மரியாடிபி போன்ற தரவுத்தள சர்வருக்கு மாற்றி, ஓடிபிசி (வெவ்வேறு தரவுத்தளங்களோடு நிரல்களை இணைக்கும் பொது வழி) வழியாக அக்சஸோடு இணையுங்கள். அக்சஸ் படிவங்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மாற்றும் முன் எல்லாக் கோப்புகளையும் தனியே நகலெடுத்து, மாற்றிய பின் ஒவ்வோர் அட்டவணையின் வரி எண்ணிக்கையையும் பாக்கித் தொகையின் கூட்டலையும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள்.