ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இனிமேல் ஓவியம் பழகலாமா? படித்த விஞ்ஞானம் அதற்குக் கை கொடுக்குமா?

தாராளமாகப் பழகலாம். விஞ்ஞானமும் கை கொடுக்கும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் அல்ல. கொழும்பில் ஒரு பகுப்பாய்வுகூடத்தில் இரசாயனவியலாளராக இருந்து பென்சன் எடுத்தவன் நான், இப்போது வெள்ளவத்தையில் வீட்டு விறாந்தையில் நீர்வர்ணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்களைப் போன்ற ஆட்களுக்குத் தூரிகையைப் பிடித்தவுடன் வருகிற முதல் ஆசை, அணுவையும் டி.என்.ஏ. சுருளையும் கீறிப் பெரிய கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது. அது வேண்டாத வேலை. அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் நாற்பது வயது தாண்டித்தான் கீறப் பழகினார். ஓவிய நண்பர் ஒருவரோடு, ஒரு ஞாயிறு பௌதிகம், அடுத்த ஞாயிறு சித்திரம் என்று மாற்றுப் பாடம். இயற்கையின் அழகைப் பார்க்கும்போது தனக்குள் எழுகிற உணர்வைக் காட்ட வேண்டும் என்றுதான் தொடங்கினார், ஆனால் 'ஓஃபே' என்று கையெழுத்துப் போட்டு அவர் விட்டுப்போன படங்களில் பெரும்பாலானவை மனித முகங்களும் உடல்களும்தான்.

எனக்கு அவரைவிடப் பிடித்தவர் ஃபிராங்க் மலினா. ராக்கெட் பொறியியலாளர், அமெரிக்காவின் ஜெட் புரொபல்சன் ஆய்வுகூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு பாரிசில் யுனெஸ்கோ வேலை, 1953இல் அதையும் விட்டுவிட்டு முழுநேரக் கலைஞர், அப்போது நாற்பது கடந்துவிட்டது. அவர் படங்கள் அசையும். மின்குமிழுக்கு முன்னால் மோட்டரில் மெதுவாகச் சுற்றும் வர்ணத் தட்டு, அதற்கு முன்னால் அசையாத ஒரு வர்ணப் பலகை, எல்லாவற்றுக்கும் முன்னால் மங்கலான திரை. உருவங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து மறுபடி பிரியும். விண்வெளி அவருக்குப் பிடித்த கருதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வயரும் மோட்டரும் பழகிய கை இல்லாவிட்டால் அந்தக் கரு எங்கே நின்றிருக்கும்? உங்களோடு கூட வரப்போவதும் அந்தக் கைப்பழக்கம்தான்.

என் விடயத்தில் அது எப்படி வந்தது என்றால், வாங்கிய ஒவ்வொரு நிறத்தையும் கடதாசிக் கீலத்தில் மெல்லிசாகப் பூசி, பாதியை ஈயத்தாளால் மூடி, கடல் பக்க யன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். பின்னேர வெயில் நேரே அடிக்கிற யன்னல். சில மாதம் கழித்து ஈயத்தாளை உரித்தால் அல்ட்ராமரீன் நீலம் இரண்டு பாதியும் ஒன்றுபோல, பிரித்துச் சொல்லவே முடியாது. அலிசரின் கிரிம்சனோ, மூடியிருந்த பாதி நாவற்பழச் சாறு மாதிரி, வெயில் பட்ட பாதி வெளிறிப்போய்ச் சிவப்பு இருந்ததற்கு அடையாளம் மட்டும். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டி எடுத்தார்களே சாயவேர், அதில் இருப்பதும் இதே அலிசரின்தான். படிகாரம் போட்டுத் துணியில் ஏற்றினால் இலேசில் போகாது, கடதாசியில் மெல்லிய நீர்வர்ணமாகப் பூசினால் வெளிச்சம் தின்றுவிடும். இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் செய்யாமல் இருக்கவும் முடியவில்லை.

ஈரப்பதன் இன்னொரு தலையிடி. கடலோரம் கடதாசி நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், பழுப்புப் புள்ளி விழும். பழைய பிஸ்கட் ரின்னுக்குள் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும் அவணில் மெல்லிய சூட்டில் காயவைத்தால் திரும்ப நீலமாகும். அந்த நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைட்டு, நஞ்சு, அதனால் கேக் சுடுகிற அவணில் வைக்காதீர்கள். நான் அதற்கென்றே ஒரு பழைய குட்டி அவண் வைத்திருக்கிறேன், அது சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்பது மனைவியின் கட்டளை.

சரி, எது இடைஞ்சல்? எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்ற பழக்கம். நான் போகிற வகுப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் கூட. மறீன் டிரைவ் ஓரத்து வேப்பமரம் ஒன்றைக் கீறிக்கொண்டு போனேன், இலைக்காம்பு, சிற்றிலையின் பல் விளிம்பு எல்லாம் சரியாக. மிஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேர், இது மரத்தின்ர அறிக்கை. மரம் எங்க?" என்றார். பக்கத்தில் இருந்த பிள்ளை பத்துக் கோட்டில் ஒரு மரம் போட்டிருந்தது, காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது என்று கூடத் தெரிந்தது. யூடியூப் போதுமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில், யூடியூப் உங்களை "சேர்" என்று கூப்பிட்டு இப்படிக் கேட்காது.

கொழும்பில் இருந்தால் பார்ப்பதற்கும் இடம் உண்டு. பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிசின் வீடு இப்போது சப்புமல் பவுண்டேசன், 1943இல் தொடங்கிய '43 குழு ஓவியர்களின் படங்கள் ஒரு வீட்டுக்குள் இருப்பதுபோலவே மாட்டியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை கலா பொல என்ற ஓவியச் சந்தை, 1993இல் தொடங்கியது, நடைபாதையிலேயே ஓவியர்கள் படங்களைப் பரப்பி விற்பார்கள், என்ன கடதாசி, என்ன வர்ணம் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள், என் அரைகுறைச் சிங்களத்துக்கும்தான். அது நடக்கிற தெரு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. அவரும் எங்கள் சாதிதான், அதாவது விஞ்ஞானச் சாதி. 1903இல் இலங்கைக் கனிமவள ஆய்வின் முதல் பணிப்பாளர், தோரியனைட்டு என்ற கனிமத்தைக் கண்டெடுத்தவர். கல்லைத் தேடி ஊரூராகப் போன இடத்தில் கைவினைஞர்களின் வேலையைப் பார்த்துக் கலையின் பக்கம் திரும்பியவர். அவர் ஓவியராகவில்லை, கலை வரலாற்றாளர் ஆனார், ஆனாலும் 1908இல் அவர் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அந்தக் கள ஆய்வுக்காரரின் கண் அப்படியே இருக்கிறது.

கடைசியாகக் கடை விடயம். 24 நிறப் பெட்டி வேண்டாம், ஐந்தாறு ரியூப் போதும். நிறத்தின் பெயரைப் பார்த்து வாங்காமல் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியைப் பாருங்கள். பி.ஆர். 83 என்றால் நான் சொன்ன அந்த அலிசரின், பி.வி. 19 என்றால் குவினாக்ரிடோன், இது வெயிலைத் தாங்கும். குறியே போடாத ரியூப்பைக் கடைக்காரர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள்.